ரத்தான ரயில் காட்டிய மூன்று நாடுகள்

கொலோன் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு, நான் ஏறவேண்டிய பிரஸ்ஸல்ஸ் ரயில் ரத்து என்று அறிவித்தார்கள். ஏறியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். அடுத்த அதிவேக ரயிலில் இடமில்லை.

நிலைய வாசலிலேயே நிற்கிறது பேராலயம்; 1248இல் அடிக்கல் நாட்டி 1880இல் கட்டி முடித்தது. அதன் படியில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன். சின்ன ரயில்களாக மாறி மாறிப் போனால் என்ன? கையில் யூரெயில் பாஸ் இருந்தது. பயண நாளன்று எத்தனை ரயில் ஏறினாலும் கணக்கு ஒரு நாள்தான்.

முதலில் ஆகன், ஜெர்மனியின் மேற்கு ஓரம். பேரரசர் சார்லமேன் கட்டிய எண்கோண ஆலயத்தில்தான் அவருடைய உடலும் இருக்கிறது. 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் இங்கே முடிசூடினார்கள். அரியணையோ வெறும் பளிங்குப் பலகைகளை இணைத்தது. பொன்னும் இல்லை, மணியும் இல்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் பெயர்க் குழப்பம். அடுத்து நான் போகவிருந்த பெல்ஜிய ஊர் லியேஜ். அதை ஜெர்மானியர் லுட்டிஷ் என்பார்கள், டச்சுக்காரர்கள் லாய்க் என்பார்கள். ஆகனுக்கே பிரெஞ்சில் எக்ஸ்-லா-ஷபெல் என்று பெயர். திட்டமில்லாமல் புறப்படுகிறவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பெயர்களைத்தான்.

ஆகனிலிருந்து நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் வழியாக லியேஜுக்கு ஒரு ரயில் ஓடுகிறது. எல்லை எங்கே வந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத்தான் தெரிந்தது. அறிவிப்பில் ஜெர்மன் பின்னுக்குப் போய் டச்சு முன்னால் வந்தது. 1985இல் ஷெங்கன் ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்திட்ட ஐந்து நாடுகளில் இந்த மூன்றும் உண்டு. நம் பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஒரே விசா இத்தனை நாடுகளுக்கும் செல்லுவது அதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய ஒப்பந்தம் 1992 பிப்ரவரி 7 அன்று கையெழுத்தானது மாஸ்ட்ரிக்ட்டில். ஆனால் என்னை அங்கே மூன்று மணி நேரம் பிடித்துவைத்தது ஒரு புத்தகக் கடை. 13ஆம் நூற்றாண்டு டொமினிகன் தேவாலயம் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபின் வழிபாடு நின்றுபோய், கிடங்காகக் கிடந்து, சைக்கிள் நிறுத்துமிடமாகவும் இருந்து, 2006இல் புத்தகக் கடையானது. கல் தூண்களைத் தொந்தரவு செய்யாமல் நடுவே கறுப்பு இரும்பில் அடுக்கடுக்காக அலமாரி எழுப்பியிருக்கிறார்கள். மேல்தட்டுக்கு ஏறினால் கூரை ஓவியங்கள் கிட்டத்தில் தெரிகின்றன. பலிபீடம் இருந்த பக்கத்தில் காபி கிடைக்கிறது. பழைய கட்டடத்தை இடிக்காமல் வாழவைப்பது எப்படி என்பதற்கு நான் பார்த்தவற்றில் இதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

ஊரின் நடுவே ஓடும் ஆறு இங்கே மாஸ். எல்லை தாண்டினால் அதே ஆறு மெஸ். அதன் கரையில் லியேஜ். சான்டியாகோ கலாட்ராவா வடிவமைத்து 2009இல் திறந்த நிலையத்துக்குச் சுவரே இல்லை. எஃகும் கண்ணாடியும் அலைபோல் தண்டவாளங்களின் மேல் வளைகின்றன. சர்க்கரைக் கற்கள் பதிந்த சூடான வாஃபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் ரயிலேறினேன்.

பிரஸ்ஸல்ஸ் பெருஞ்சதுக்கத்தில் விளக்கேற்றிவிட்டிருந்தார்கள். 1695இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் நொறுக்கியதை ஊர்க்காரர்கள் சில ஆண்டுகளிலேயே மீண்டும் எழுப்பிய சதுக்கம் அது.

இந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நாளாவது நேர் ரயிலை விட்டுவிட்டு ஆகனில் இறங்குங்கள். பாஸ்போர்ட் மட்டும் கையிலேயே இருக்கட்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. எதிர்த்திசையில் வந்தால் கேட்கக்கூடும்.