மாம்பழப்பட்டில் இறங்கி நடந்தோம்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு நடப்பதைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம். எங்கள் வீடு ரமணாசிரமத்துக்கு அருகில், செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில். பௌர்ணமி வந்தால் ராத்திரி முழுக்க ஜனங்கள் மலையைச் சுற்றுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். 14 கிலோ மீட்டர். எழுபது வயதுப் பாட்டிகூட அசராமல் போவாள்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? 'கிரிவலம் போறேன்' என்றால் எந்த வீட்டிலும் பெண்களைத் தடுக்க மாட்டார்கள். 'சும்மா நடந்துட்டு வரேன்' என்று சொல்லிப் பாருங்கள்! "சும்மாவா? எதுக்கு சும்மா?" என்று வீடே ஒன்றுகூடிக் கேட்கும். நாம் நடக்க வேண்டுமென்றால் ஒரு வேண்டுதல் வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் சீட்டு வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த விஷயத்தில் இரட்டைக் கஷ்டம். போன சித்திரையில் அவர் கணவர் தவறிவிட்டார். இருபது வருடமாக மாதம் தவறாமல் மலை சுற்றியவர். "வருஷம் திரும்பட்டும். அதுவரை கோயிலும் வேணாம், மலை சுத்தவும் வேணாம்" என்று நாத்தனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒன்பது மாதமாக அவர் செங்கம் ரோட்டைத் தாண்டவில்லை. சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. சாயங்காலம் மாடியில் நின்று மலையைப் பார்ப்பார், இறங்கிவிடுவார். எனக்கே மனசு கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் தெரு டீச்சரம்மா (ரிடையர் ஆகிவிட்டார், வாய் மட்டும் ஆகவில்லை!) ஒரு யோசனை சொன்னார். அவர் மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே லீவு நாளில் லோக்கல் ரயில் ஏறி, ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, வயல்காடு வழியாக நடந்து, வேறொரு ஸ்டேஷனில் ரயில் பிடித்து வீடு திரும்புவார்களாம். அதற்கென்றே வழி சொல்லும் புத்தகங்கள் உண்டாம். போன வழியே திரும்பி நடக்க வேண்டாம், அதுதான் அதில் சௌகரியம். "இதுல கோயில் இல்ல, மலை இல்ல, வேண்டுதல் இல்ல. ரயில்ல போய் நடக்கறது. இதை எந்த சாஸ்திரத்துல தடுத்திருக்கு?" என்று அக்காவின் நாத்தனாரிடமே கேட்டுவிட்டார். நாத்தனார் யோசித்துப் பார்த்தார், பதில் கிடைக்கவில்லை.

எங்கே நடப்பது என்பதற்கு நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. 1896ல் 16 வயதுப் பையன் ஒருவன் நடந்த வழி இருக்கிறதே! வேங்கடராமன் என்ற அந்தப் பையன்தான் பிற்பாடு ரமண மகரிஷி.

மதுரையிலிருந்து ஆகஸ்ட் 29ஆம் தேதி கிளம்பியபோது கையில் மூன்று ரூபாய். பழைய அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று நினைத்து 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். விழுப்புரத்திலிருந்தே ரயில் போகிறது என்று வண்டியில் கூட வந்த மௌல்வி ஒருவர்தான் சொன்னார். விடியற்காலை விழுப்புரத்தில் இறங்கினார். ஓட்டலில் சாப்பிட்டதற்கு முதலாளி காசு வாங்கவில்லை. கையில் மிச்சமிருந்த சில்லறைக்கு எட்டிய ஸ்டேஷன் மாம்பழப்பட்டு. அங்கே இறங்கி அரகண்டநல்லூர் வரை நடந்தார், சுமார் பத்து மைல். அதாவது 16 கிலோ மீட்டர். கிரிவலத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். திருக்கோவிலூர் ஸ்டேஷன் இருப்பதும் அரகண்டநல்லூர் பக்கம்தான். ஆகவே ஸ்டேஷனில் தொடங்கி ஸ்டேஷனில் முடிகிற நடை!

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான், என் மருமகள், டீச்சரம்மா, அக்கா. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பரேடுக்கா?" என்றார். காலை பாசஞ்சரில் உட்கார இடம் கிடைத்தது. டிக்கெட் ஒரு முழம் மல்லிகைப்பூ விலைகூட இல்லை. இந்தப் பாதையில் முன்பு மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. அகலப்பாதை போடுவதற்காக நடுவில் சில வருடங்கள் ரயிலே இல்லாமல் இருந்தோம். 2024 மே மாதம் முதல் சென்னை கடற்கரையிலிருந்தே வேலூர் வழியாக நம் ஊருக்கு வண்டி வருகிறது. என் மருமகளுக்கு 24 வயது. கவுண்டரில் காசை நீட்டித் தானே டிக்கெட் வாங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவையாம்! எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் யாராவது கூட வந்து வாங்கிவிடுவார்களாம்.

மாம்பழப்பட்டில் இறங்கியதும் கரும்பு வெட்டுகிற வாசனை. ரோட்டோரமாக, நடுநடுவே ஏரிக்கரை மேலாக நடந்தோம். தண்டவாளத்தில் மட்டும் நடக்கவே கூடாது. ஆபத்து, சட்டப்படியும் தப்பு. பாதி ரோடு நெல் காய்ந்தது. பனைமரங்கள் வரிசையாக நின்றன. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பஸ்ஸை வுட்டுட்டீங்களா?" ஒரு அம்மா நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஊட்ல சாவு?" என்று கேட்டார். நாங்கள் பயந்துபோய் அக்காவைப் பார்த்தோம். அக்கா சிரித்துவிட்டார்! "சாவெல்லாம் இல்லம்மா, சும்மா நடக்கறோம்" என்றார். ஒன்பது மாதத்தில் அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு விஷயம் எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். பெண்கள் நடக்கத் தயங்குவதற்குக் கால்வலி காரணமில்லை, பாத்ரூம்தான். தண்ணீர் குடிக்காமலே கிளம்பி, வெயிலில் மயக்கம் போட்டவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. வழியில் பெண்கள் உட்கார்ந்திருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று நேராகவே கேட்டோம். "இதுக்கென்னம்மா, உள்ள வாங்க" என்றார்கள். வரும்போது ஆளுக்கொரு சொம்பு மோரும் கிடைத்தது. கேட்டால் கிடைக்கும், கேட்கத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சாப்பாடு. புளியோதரை, தயிர்சாதம், நார்த்தங்காய். அந்தப் பையனுக்கு அன்றைக்கு வழியில் என்ன கிடைத்தது என்று பேச்சு வந்தது. அரகண்டநல்லூர்க் கோயிலில் சோறு கேட்டிருக்கிறார், இல்லை என்றுவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழூர்க் கோயிலிலும் இல்லை என்றபோது, அங்கிருந்த மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் கேட்டுப் போகிற வழியில் மயங்கி விழ, சோறு தெருவில் சிதறிவிட்டது. தெளிந்து எழுந்தவர் சிந்திய சோற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாப்பிட்டாராம். சாதம் வடிக்கிற நமக்கு அது எப்படியிருக்கும்! மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் அந்த வீட்டு அம்மாள் வயிறாரச் சாப்பாடு போட்டார். காதுக் கடுக்கனை வைத்து நாலு ரூபாய் கடன் வாங்கிக்கொண்டு பையன் புறப்பட்டபோது, கிருஷ்ணனுக்குச் செய்த பட்சணத்தை, நைவேத்தியம் ஆவதற்கு முன்னாலேயே, பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்திருக்கிறார் அந்த அம்மாள். பூஜைக்கு முன்னால் குழந்தை கை வைத்தால் கையில் போடுகிற வீடு நம் வீடு. அந்த அம்மாளை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

"அவர் ஆம்பளைப் பையன். ஸ்டேஷன்ல படுத்துத் தூங்கி, காலை வண்டி பிடிச்சு செப்டம்பர் 1ஆம் தேதி வந்து சேர்ந்தார். 16 வயசுப் பொண்ணு வந்திருந்தா?" என்று கேட்டாள் மருமகள். டீச்சரம்மாவுக்கே பேச்சு வரவில்லை. அக்கா வேறு யோசனையில் இருந்தார். "அவங்க அம்மா அழகம்மாள் பாவம். புருஷனும் இல்ல, புள்ளை எங்கன்னு ரெண்டு வருஷம் தெரியாது. அவங்களை யாரு நடக்கச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க?" என்றார்.

அரகண்டநல்லூர் அதுல்யநாதேஸ்வரர் கோயில், தென்பெண்ணைக் கரையில் பாறை மேல் இருக்கிறது. ஆறு இப்போது மணலும் ஓடையுமாகத் தெரிகிறது. 2024 டிசம்பரில் புயல் மழைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டபோது இதே ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. ஆற்றுக்குள்ளே ஒரு பாறை, மேலே குட்டிக் கோயில். அதுதான் கபிலர் குன்று. பாரியின் பெண்களுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுத்துவிட்டு, கபிலர் உயிரை விட்ட இடம் என்பார்கள்.

நாலு மணிக்கு நடை திறந்ததும் நாங்கள் உள்ளே போனோம். அக்கா வரவில்லை. "நான் பாறையிலேயே இருக்கேன்" என்றார். வற்புறுத்தவில்லை. ஞானசம்பந்தர் இந்த இடத்திலிருந்துதான் அண்ணாமலையைக் கண்டு வணங்கினார் என்று உள்ளே சொன்னார்கள். வெளியே ஓடிவந்து அக்காவிடம் சொல்வதற்குள், அவரே வடமேற்கே கையை நீட்டினார். மங்கலாக, நீல நிறத்தில், நம் மலை! "இங்கேருந்து பார்க்கறதுக்கு வருஷக் கணக்கு இல்லியே?" என்றார். வண்டிக்கு நேரமாகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. எல்லா வண்டியும் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது, நேரமும் மாறும். முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு, திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு பேர் நல்லது. கால் ஓய்ந்துவிட்டால் ரோட்டில் பஸ் வரும், கை காட்டி ஏறிவிடலாம், வெட்கமில்லை. பணத்தை இரண்டு இடத்தில் வையுங்கள்.

மாசி மாதத்துக்கு அக்காவே திட்டம் போட்டிருக்கிறார். தண்டரையில் இறங்கி, திருவண்ணாமலையைப் பார்த்து நடப்பது. மலை நாள் முழுக்க எதிரிலேயே இருக்கும், சுற்ற வேண்டியதில்லை. நாத்தனாரும் வருகிறேன் என்கிறார். அவருக்குச் சரியான அளவில் ஷூதான் இன்னும் கிடைக்கவில்லை.

- ஒரு வாசகி, ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.