``கேஸ் போயிடுச்சு!'' - கத்திரி வெயிலில் ஏசி நின்றால், பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கத்திரி வெயில் தொடங்கி நாலு நாள். இரவு பத்தரை மணி. படுக்கையறை ஏசியில் காற்று வருகிறது, குளிர் மட்டும் இல்லை. அறையில் கைக்குழந்தை, பிரஷர் மாத்திரை சாப்பிடும் பாட்டி. பதற்றத்தில் போனை எடுத்துத் தேடி, முதலில் வரும் நம்பரை அழைக்கிறோம். வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, 'கேஸ் போயிடுச்சு' என்கிறார். சில ஆயிரங்கள் கைமாறுகின்றன. அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை!

வெளிநாடுகளில் பனிக்காலத்தில் ஹீட்டர் நின்றுபோவதை அவசரநிலையாகப் பார்ப்பார்கள். நமக்கு அந்த அவசரம் மே மாதத்தில் வருகிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜினகாஞ்சி என்று அழைக்கப்படும் ஊர். பெயரில் பருத்தி, சுற்றுவட்டாரப் பிழைப்போ பட்டு. நெசவாளர் வீடுகளில் தறிக்குழி இருக்கும் அறைக்கு ஏசி சரிப்பட்டு வராது. காற்று வறண்டால் பாவு இழை அறுபடும். மண்ணில் தோண்டிய குழித்தறியே அந்த ஈரப்பதத்துக்காகத்தான் கைகொடுக்கிறது. பழைய ஓட்டு வீடுகள் ஓரளவு தாங்கின. கான்கிரீட் வீடுகளோ பகல் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்குகின்றன. அதனால், வீட்டில் ஒரே ஒரு ஏசி இருந்தால் அது பெரியவர்களும் குழந்தையும் படுக்கும் அறையில்தான் இருக்கும். பழுதானால் முதலில் அவதிப்படுவதும் அவர்கள்தான்.

முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் மெஷினை!

மெக்கானிக் வருவதற்குள் மாடியறையில் இருப்பவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். ராத்திரியில் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கழுத்து, அக்குள், கைகளில் ஈரத்துணி வைத்து மின்விசிறியைப் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால், அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை மட்டும் நம்பக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சூட்டுக் காற்று உடம்பை மேலும் சூடாக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

பெரியவர்கள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு அனலாகக் கொதித்து மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பை நனைத்துக் குளிர வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

போன் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம்

ரிமோட்டில் 'கூல்' மோடு இருக்கிறதா? பிள்ளைகள் கையில் போன ரிமோட் 'ஃபேன்' மோடில் இருப்பது சகஜம்! ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி போர்வைபோல அடைத்திருந்தால் குளிர் வராது, கழுவிக் காயவைத்துப் போடலாம். உள்ளே ஐஸ் கட்டியிருந்தால் கூலிங்கை நிறுத்தி, சில மணி நேரம் ஃபேன் மோடில் ஓட விடுங்கள்.

தெருவே ஏசி போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, ஸ்டெபிலைசர் கட் செய்துகொண்டே இருக்கலாம். அதற்கு மெக்கானிக் தேவையில்லை. மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987, 24 மணி நேரமும் இயங்குகிறது. எம்சிபி ஒருமுறை ட்ரிப் ஆனால் தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் ஏசியைத் தொடாமல் எம்சிபியை இறக்குங்கள். ஷாக் அடிக்கும் கீசருக்கும் இதே விதிதான்.

வெளி யூனிட்டில் உறுமல் சத்தம் மட்டும் கேட்டு விசிறி சுற்றவில்லை என்றால், இன்வெர்ட்டர் அல்லாத பழைய ஏசிகளில் பெரும்பாலும் கெபாசிட்டர் கோளாறாக இருக்கும். சில நூறு ரூபாய் பொருள். ஆனால், நீங்களே திறந்துவிடாதீர்கள். கரன்ட்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

``எங்கே லீக்?''

இதுதான் அந்தக் கேள்வி. ஏசியில் இருக்கும் கேஸ், பைக்கில் ஊற்றும் பெட்ரோல் கிடையாது. ஓட ஓடத் தீர்ந்துபோகாது. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, பஞ்சர் ஒட்டாத டயருக்குக் காற்றடிக்கும் வேலை. அந்தக் காற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம்!

ஒழுங்காக வேலை செய்பவர் நைட்ரஜனை அழுத்தமாகச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். லீக்கைச் சரிசெய்வார். வேக்கம் பம்ப்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். பிறகுதான் கேஸை எடைபோட்டு ஏற்றுவார். எவ்வளவு என்பது ரகசியம் இல்லை. வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே கேஸின் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். பழைய ஏசி என்றால் ஆர்-22, இப்போதைய ஏசிகள் பலவற்றில் ஆர்-32. பின்னது லேசாகத் தீப்பற்றக்கூடியது, சிலவற்றில் இருக்கும் ஆர்-290 எளிதாகவே பற்றும். எனவே, ஜன்னலை மூடிக்கொண்டு அவசர அவசரமாக நிரப்பும் விஷயம் அல்ல இது. ராத்திரியில் இத்தனையும் முடியாது என்று மெக்கானிக் சொன்னால், அவர் நல்ல மெக்கானிக். காலையில் வரச் சொல்லுங்கள்.

யாரை அழைப்பது?

தேடலில் முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண் போலியாக இருக்கலாம். 'புக்கிங்குக்குப் பத்து ரூபாய் அனுப்புங்க, இந்த ஆப்பை இறக்குங்க' என்றால் உடனே கட் செய்யுங்கள். பணம் போய்விட்டால் 1930-க்குத் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் சரியான எண் வாரன்ட்டி கார்டில் இருக்கும். வாரன்ட்டியில் இருக்கும் ஏசியை வெளியாள் திறந்தால் அது பறிபோகலாம் என்பதால், அந்த கார்டை முதலில் பார்ப்பது நல்லது. கம்ப்ரஸருக்குப் பல நிறுவனங்கள் 10 ஆண்டுகள்வரை வாரன்ட்டி தருகின்றன.

வாரன்ட்டி முடிந்திருந்தால் ஏசி வாங்கிய கடை, பக்கத்து வீட்டுக்கு வந்துபோகும் மெக்கானிக் என்று அருகிலேயே கேளுங்கள். ஐடிஐ-யில் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்புக்கென்றே 2 ஆண்டு படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர்கள் காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் கிடைக்காமல் போக மாட்டார்கள். வந்து பார்க்க எவ்வளவு, வேக்கம் பம்ப் கொண்டுவருவீர்களா என்று போனிலேயே கேட்டுவிடலாம். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் அடுத்த நம்பரைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம், லீக் எந்த இடத்தில் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் மறுபடியும் குளிர் போய், வந்தவரும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அப்போது அந்த பில்தான் கையில் இருக்கும் சாட்சி.