மஞ்சளுக்கு வந்த வழக்கு!

காலில் கல் குத்திப் புண்ணாகிவிட்டால் என்ன செய்கிறோம்? மஞ்சளை அரைத்துப் பூசுகிறோம். இது பாட்டி வைத்தியம்.

"இது எங்கள் கண்டுபிடிப்பு" என்று அயல்நாட்டார் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நடந்தது.

மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு, அமெரிக்காவில் உள்ள மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-ம் ஆண்டு காப்புரிமை பெற்றது.

காப்புரிமை என்றால் என்ன?

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் கொடுக்கும் உரிமை அது. குறிப்பிட்ட காலம் வரை, அவருடைய அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைச் செய்து விற்கக்கூடாது. அமெரிக்காவில் வாங்கிய உரிமை அமெரிக்காவில்தான் செல்லும். ஆகவே நம் வீட்டு மஞ்சளுக்குத் தடை இல்லை. ஆனால், நம்முடைய பழைய வைத்தியம் அங்கே இன்னொருவர் சொத்தாகிவிட்டது!

சாட்சி எங்கே?

இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்தது.

"எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்று சொன்னால் போதாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். அன்றைய அமெரிக்கச் சட்டம் அப்படி.

பழைய நூல்களைத் தேடினார்கள். 32 ஆதாரங்கள் அகப்பட்டன! 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரையும் அவற்றில் ஒன்று.

"இது புதியது அல்ல" என்று முடிவாயிற்று. 1997-ல் மஞ்சள் வென்றது.

அடுத்த வேலை

ஒவ்வொரு முறையும் இப்படி அலைய முடியுமா? 2001-ல் நம் மருத்துவ முறைகளைத் தொகுக்கும் மின்னணு நூலகம் தொடங்கியது. நம் சித்த வைத்தியமும் அதில் இருக்கிறது. ஆங்கிலம், ஜப்பான் மொழி உள்பட 5 அயல்மொழிகளில் விவரம் உண்டு. இனி யாராவது உரிமை கேட்டு வந்தால், அயல்நாட்டு அதிகாரிகளே அதைப் பார்த்து, "இது பழையது" என்று சொல்லிவிடலாம்.