இரட்டை இறக்கை மாதிரி விமானங்கள்

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், நடுவே தாங்கு கம்புகள், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள்: இதுதான் பைப்ளேன். ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கவிடும் மாதிரிகளில் பலருக்கும் பிடித்தது, 1931இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் பயிற்சி விமானமான டைகர் மாத். பால்சா மரச் சட்டத்தின்மேல் மெல்லிய உறை போர்த்தி, மோட்டாரும் பேட்டரியும் பொருத்துவார்கள். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் கட்டளைக்கேற்ப, உள்ளிருக்கும் சிறு சர்வோக்கள் சுக்கானையும் இறக்கை மடல்களையும் அசைக்கும்.

இறக்கைப் பரப்பு அதிகம். எடையைக் குறைத்துக் கட்டிய மாதிரி மெதுவாகவே பறக்கும். அந்த நிதானம்தான் இதன் அழகு. தாழ்வாகக் கடக்கும்போது கம்பிகள்கூடக் கண்ணுக்குத் தெரியும்.

திருப்புவதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். டைகர் மாத்தில் மடல்கள் கீழ் இறக்கையில் மட்டுமே உண்டு. இடப்பக்கம் சாய்த்தால் வலப்பக்க மடல் கீழிறங்கிக் காற்றுத் தடையைக் கூட்டும்; மூக்கு வலப்பக்கம் இழுபடப் பார்க்கும். அதனால் கீழிறங்கும் மடலின் அசைவைக் குறைத்து வைப்பார்கள். கூடவே சுக்கானையும் திருப்புவார்கள். இந்த இரண்டும் இசைந்து விமானம் வழுக்காமல் வளையும்போது கிடைக்கும் நிறைவு தனி.

தரையிறங்குகையில் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. இறக்கைகளும் கம்பிகளும் தரும் தடையில் வேகம் விழுந்து, விமானம் தொப்பென்று விழுந்துவிடும். தரையை நெருங்கும்வரை கொஞ்சம் விசை இருக்க வேண்டும்.