சாந்தோம் பேராலயம், மயிலாப்பூர்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையாரின் கல்லறை இங்கே உள்ளது என்பது நெடுங்கால மரபு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் அந்தக் கல்லறையின்மீது தேவாலயம் எழுப்பினர். அதைச் சுற்றி அவர்களின் சாந்தோம் குடியிருப்பு வளர்ந்தது. 1545இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கே தங்கிச் செபித்தார். 1606இல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆனது. இது அதன் பேராலயம் ஆயிற்று.

இன்றைய கட்டடம்

நீங்கள் காண்பது போர்ச்சுக்கீசியர் கட்டிய பழைய கோயில் அன்று. அது 1893இல் இடிக்கப்பட்டது. ஆயர் ரீட் ட சில்வாவின் காலத்தில் கட்டப்பட்ட இந்தப் புதிய ஆலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. கூர்முனை வளைவுகளும் வெண்சுவர்களும் கொண்ட இது, 19ஆம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்ற கோத்திக் பாணியைச் சேர்ந்தது. சுமார் 155 அடி உயரக் கோபுரம் தொலைவிலிருந்தே கண்ணில் படும். சிறிய இரண்டாம் கோபுரம் கல்லறை இருக்கும் இடத்தைக் குறிக்கிறது.

கவனித்துப் பாருங்கள்

வண்ணக் கண்ணாடிச் சன்னலில், உயிர்த்த இயேசுவின் முன் தோமையார் நிற்கிறார். காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றவர் நம்பிக்கை கொண்ட கணம் அது. சுமார் 3 அடி உயரமுள்ள மயிலை மாதா மரச்சிற்பம், போர்ச்சுக்கீசியர் காலத்தில் கடல் கடந்து வந்தது என்பர்.

1952இல் சென்னை – மயிலை உயர்மறைமாவட்டம் உருவானபோது இதுவே அதன் தலைமை ஆலயம் ஆனது. 1956இல் பசிலிக்கா தகுதி கிடைத்தது.

கல்லறைச் சிற்றாலயத்தில் எப்போதும் யாரேனும் செபித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே அமைதி காக்க வேண்டுகிறோம்.