தரங்கம்பாடி: கடல் கொண்டதும் மழை கொண்டதும்

தரங்கம்பாடி என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது டேனிஷ் கோட்டையும், அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவும்தான். கோட்டையைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். நகர வாசலிலிருந்து கடலைப் பார்த்து ஓடும் கிங் தெருவை நிதானமாக நடந்து பார்ப்பவர்கள் குறைவு. சிவில் படிக்கிறவனுக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கால் வைத்தார்கள். துறைமுகம் என்று பெயரே தவிர, கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் சரக்கு போகவேண்டும். 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். பிறகு பதினைந்து வருஷம் தஞ்சை ஜில்லாவின் தலைமையிடம் இதுதான். 1860-ல் அதுவும் கைவிட்டுப் போயிற்று. அடுத்த வருஷமே நாகப்பட்டினத்துக்கு ரயில் வர, வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1926-ல். 1986-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

கடல் கொண்டது கொஞ்சமல்ல. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி போயிற்று. கோட்டையின் கடலோர மதில் போயிற்று. சீகன்பால்கு 1707-ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தையும் கடல் பாழாக்க, 1718-ல் கிங் தெருவில் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் தெருவுக்குள் போன வீடுகளுக்கெல்லாம் கடல் மேலே பழிபோட முடியாது.

அங்கே குற்றவாளி மழை. மெட்ராஸ் டெரஸ் தளம் நமக்குத் தெரியும். மர உத்தரம், அதன்மேல் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, கடைசியில் தட்டோடு. குடியிருக்கும்வரை வருஷா வருஷம் விரிசலை அடைப்பார்கள். ஆள் போய்விட்டால் யார் பார்ப்பது? சுவருக்குள் சொருகிய உத்தரத்தின் முனை முதலில் உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது! ஒரு ஐப்பசியில் தளம் மொத்தமாக இறங்கும். தலையில் மூடி இல்லாத சுவர் பிறகு எத்தனை நாள் நிற்கும்?

இதைவிட மோசம், நல்லது என்று நினைத்துச் செய்வது. சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை. கடற்கரை உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லைப் பொடியாக்கிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கோல்ட்ஸ்மித் தெருவின் பழைய வீடுகளை இன்டாக் அமைப்பு பழுதுபார்த்தது. பாழாய்க் கிடந்த கவர்னர் பங்களாவும் பின்னர் சீரானது. மற்ற தெருக்களில் சிமெண்ட் மூட்டைதான் முந்திக்கொள்கிறது.

அடுத்த தடவை போகும்போது பையில் ஒரு டேப் இருக்கட்டும். காலி மனையை ஒட்டி நிற்கும் சுவரில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தால், அங்கே ஒரு தளம் இருந்தது என்று அர்த்தம். ஓட்டைக்கு ஓட்டை எத்தனை அங்குலம், தரையிலிருந்து எத்தனை அடி என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பூச்சில் அந்த ஓட்டைகளும் அடைபட்டுவிடும்.