பச்சை நிறச் சூரியன்

1883 செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியது! காரணம் யாது? ஆகஸ்டு 27 அன்று கிரகடோவா எரிமலை வெடித்து எழுப்பிய துகள்களே. அவ்வெடிப்பிலும் பேரலைகளிலும் 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எரிமலைச் சாம்பல் விரைவில் கீழே விழுந்துவிடும். கந்தக வாயுவோ மழை மேகங்களுக்கும் மேலே சென்று, நீராவியுடன் கலந்து, நுண்ணிய அமிலத் துளிகளாக ஓரிரு ஆண்டுகள் மிதக்கும். அவை வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பிவிடுவதால் பூமி குளிர்கிறது. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ வெடித்தபின் உலக வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது.

குளிர்ச்சி நல்லதுதானே என்று நம் தோழியர் கேட்கலாம். கடலைவிட நிலம் அதிகம் சூடேறினால்தான் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து உள்நாட்டிற்கு வரும். நிலம் குளிர்ந்தால் மழை குன்றும். 1815-இல் தம்போரா வெடித்தது; மறு ஆண்டு இந்தியாவில் பருவமழை நிலைகுலைந்தது; ஐரோப்பாவில் கோடையின்றிப் பயிர்கள் அழிந்து பசி பரவியது.

நமது சேர்வராயன் மலை எரிமலையன்று. தொன்மையான சார்னோக்கைட் பாறையாலானது. ஆயினும் ஏற்காட்டில் காப்பி பூப்பதற்கு மழை வேண்டும்; பழம் பறிப்போரின் கூலியும் அதைப் பொறுத்ததே. பூகோள வகுப்பில் எரிமலைப் படம் வரையும்போது இதையும் நினைவிற் கொள்வோமாக.